வெயிலுக்கு வந்த முளைப்பாரி

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது எத்தனையோ தடவை. அம்மன் காரியத்தைப் பற்றி ஆண்பிள்ளை என்ன எழுதுவது என்று ஒரு மனம் தடுக்கும். என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தவரை அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுவேன். அவள் போன பிறகும் சில வருஷம் கை ஓடவில்லை. போன மாசம் கடலாடிக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பெண்கள், நான் யாரென்று தெரியாமல், இந்தக் கதையை என் காது கேட்கவே பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் சொன்ன கதையில் என் வீட்டுக்காரி இல்லவே இல்லை. அன்றைக்குத்தான் இனிமேல் தள்ளிப்போடக்கூடாது என்று நினைத்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்பு தேறி, ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்து வாத்தியார் ஆனவன். கடலாடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கண்மாயும் மறு பக்கம் ஒன்றும் விளையாத உப்புத் தரவையுமாக இருக்கிற ஊரில் எனக்கு வேலை. ஓடு போட்ட ஒரே கூடம். ஒன்றிலிருந்து ஐந்து வரை அந்தக் கூடத்துக்குள்தான். எல்லா வகுப்புக்கும் நான் ஒருத்தன்தான். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். அதற்கு முந்தின இரண்டு ஐப்பசியும் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊரில் பாதி வீட்டில் ஆட்கள் வேலை தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார்கள்.

முந்தின வருஷம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தபோது எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். "விதை முளைக்க என்னென்ன வேணும்?" என்று கேட்டார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எழுந்து நின்று, "நீர், காற்று, சூடு!" என்று ஒரே குரலில் முழங்கின. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி தட்டாம்பயறை எடுத்து மேசையில் போட்டார். வண்டு துளைத்ததும், வறுத்ததும், நல்லதும் கலந்து கிடந்தன. "இதில் எது முளைக்கும்? எடுத்துக் காட்டுங்க" என்றார். ஒரு பிள்ளை கூட கையை நீட்டவில்லை. காட்டு வேலை தெரிந்த பிள்ளைகள். வீட்டில் விதைப் பயறு பொறுக்கிக் கொடுக்கிற பிள்ளைகள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் கையால் பதில் சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போகும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "பிள்ளைகள் ரொம்பக் குறைஞ்சு போச்சு. இருக்கிறவங்களுக்கும் வாய்ப்பாடுதான் தெரியுது. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா நாலாவது, அஞ்சாவதை எடுத்துட்டு மூணாவதோட நிறுத்தச் சொல்லி எழுதிடுவேன். என்மேல் வருத்தப்படாதீர்."

நாலாவது எடுபட்டால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அடுத்த பள்ளிக்கூடத்துக்குத் தரவையைத் தாண்டி நடக்க வேண்டும். பயல்கள் ஆட்டுக்குப் பின்னால் போவார்கள். பொம்பளைப் பிள்ளைகளை ஒருத்தரும் அனுப்பமாட்டார்கள். நானே அனுப்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான். என் மகள் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வரும்போது அவள் ஐந்தாவதில் இருப்பாள்.

பயிற்சிப் பள்ளியில் அலகு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துப் பாடத்தை ஒரே கட்டாகக் கட்டுவது. அதைக் கடைசியிலிருந்து கட்ட வேண்டும். முடிவில் பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடத்தை எழுத வேண்டும். அங்கே இருந்தபோது நன்றாகத் தலையாட்டினேன். வேலைக்கு வந்த பிறகு, பரீட்சை பயத்தில் எல்லாவற்றையும் மறந்து, பிள்ளைகளைக் கத்தவிட்டேன்.

அந்த வருஷம் ஆவணியில் இன்ஸ்பெக்டர் வருவார் என்று தாக்கல் வந்ததும் விதையைப் பற்றி ஓர் அலகு கட்டினேன். செய்து காட்டும் வேலையை முதலில் எழுதினேன். நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து நாலு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மண்சட்டி. எல்லாச் சட்டியிலும் ஒரே தட்டாம்பயறு. ஒன்றுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் உண்டு. ஒன்றுக்கு விதை முளைக்கும் வரைதான் தண்ணீர், பிறகு கிடையாது. ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, ஆனால் மேலே கூடையைக் கவிழ்த்து இருட்டாக்க வேண்டும். நாலாவது சட்டியில் தரவையிலிருந்து அள்ளிய உப்பு மண். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எந்தக் குழுவும் தன் சட்டியைக் காட்டக்கூடாது. அடுத்த குழுவின் சட்டியைப் பார்த்து, அதற்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை இலையிலும் தண்டிலும் மண்ணிலும் தொட்டுக் காட்ட வேண்டும். அதற்கு இனி என்ன செய்தால் சரியாகும் என்பதைக் கையால் செய்ய வேண்டும். பதில் சரியாக இருந்தாலும் தொட்டுக் காட்டாவிட்டால் பாதி மார்க்குதான் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன்.

குடிக்கிற தண்ணீருக்கே ஊற்றுத் தோண்டி உட்கார்ந்து அள்ளுகிற காலம் அது. பிள்ளைகள் வீட்டிலிருந்து சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊற்றடியில் பெண்கள் என் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏத்தா, ஒம் புருசன் பள்ளிக்கூடம் நடத்துறாரா, தோட்டம் போடுறாரா?"

"எங்க வீட்டுல சோறு வடிக்கத் தண்ணி இல்ல. வாத்தியாரு சட்டிக்குத் தண்ணி வேணுமாம்!"

"அதுலயும் ஒரு சட்டிக்கு ஊத்துவாராம், ஒரு சட்டிக்கு ஊத்தமாட்டாராம். ஓரவஞ்சனைக்கு ஒரு பாடமா?"

அவள் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்திலும் வம்புதான். தண்ணீர் கிடைக்காத சட்டிக்கு ஒரு பயல் தன் சிரட்டையைச் சாய்த்துவிட்டான். சட்டிக்குச் சொந்தக்காரக் குழு அவனை அடிக்கப் பாய்ந்தது.

"ஏலே, எங்க சட்டிய ஏன்லே கெடுத்த?"

"பாவமா இருக்குடா. பாரு, தலையத் தொங்கப் போட்டுருச்சு."

"தொங்கத்தான்லே போடணும்!"

அந்தச் சட்டியை மறுபடி முதலிலிருந்து போட்டோம். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிள்ளைகள் பாடத்தைக் கத்தவில்லை, பாடத்துக்காகச் சண்டை போட்டார்கள்.

கணக்குப் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. ஊர் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிற நாளும் அந்த வாரமே வந்தது. எங்கள் பக்கத்தில் அது பெண்கள் கையில் இருக்கிற காரியம். விரதம் இருக்கிற பெண்கள், ஒரு மண் ஓட்டில் அடியில் சாணிப்பொடியும் சுற்றிலும் வைக்கோலும் வைத்துக் கட்டி, அதில் பயறு வகைகளைத் தூவி, எல்லாருடையதையும் சேர்த்து வைக்கிற பாரி வீட்டில் இருட்டில் வைப்பார்கள். வேளை தவறாமல் தண்ணீர் தெளிப்பார்கள். சாயங்காலம் கும்மி கொட்டுவார்கள். ஊர்வலம் போகிற செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதை வெளியே எடுப்பதில்லை. ஆண்கள் கண்ணிலும் வெயிலிலும் படக்கூடாது. முளை அடர்ந்து வந்தால் அந்த வருஷம் விளையும். கருகினால், அதைச் சொல்லக்கூட யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு வருஷம் காய்ந்த ஊரில் அந்தப் பாரிக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரியும் மழை வேண்டிப் பாரி போட்டிருந்தாள். அவளுடையதைப் போல அடர்த்தியாக வேறு யாருடையதும் வரவில்லை என்று மகள் வந்து பெருமையாகச் சொன்னாள். வைக்கோலைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டினது மகள்தானாம்.

இன்ஸ்பெக்டர் வருவது திங்கட்கிழமை. ஊர்வலம் மறுநாள்.

எனக்குக் கும்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியாது. சனிக்கிழமை கிளம்பி நயினார்கோவிலுக்குப் போனேன். சாமி சன்னிதியில் நின்று, வகுப்பு எடுபடக்கூடாது என்று மட்டும் கேட்டேன். அபிஷேகத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. பாதி வழி நடை. வந்ததும் படுத்துவிட்டேன். பள்ளிக்கூடச் சாவி வீட்டு ஆணியில் தொங்கியது. பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் படியிலேயே நின்றுவிட்டேன். கூடம் சுத்தமாகக் கூட்டி, வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஜன்னலடியில் நாலு சட்டியும் வரிசையாக இருந்தன. நாலிலும் ஒரு சாண் உயரத்துக்கு முளை அடர்ந்து நின்றது. கருகினது இல்லை, உப்புப் பூத்தது இல்லை. கூடையும் இல்லை. ஒவ்வொரு சட்டியின் நெற்றியிலும் மஞ்சள், குங்குமம்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் தலைமுழுகிவிட்டு ஈரத் துணியோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"சட்டியை யார் தொட்டது?"

"மொதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது."

"யார் தொட்டதுன்னு கேட்டேன்."

"அதிகாரி வாராருன்னு நேத்துப் பொம்பளைக எல்லாம் பள்ளிக்கூடத்தக் கூட்ட வந்தாக. நாந்தான் கதவத் தொறந்து விட்டேன். உள்ள பாத்தா ஒரு முளை செத்துக் கெடக்கு, ஒரு முளைக்கு உப்பு பூத்துக் கெடக்கு. பாரி வீட்டு மதினிக்கு ஒடம்பே நடுங்கிப்போச்சு. 'அம்மன் பாரி வளருற ஊருல கருகுன முளையப் பள்ளிக்கூடத்துக்குள்ள வச்சுக் கும்பிடுறாரா ஒம் புருசன்'ன்னு கேட்டாக. நாலையும் கொண்டுபோயிக் கண்மாயில கொட்டிட்டாக. தண்ணியில்லாத கண்மாயில. நான் என்ன சொல்ல?"

"பாடம்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். 'பயிரு சாகுறதுல என்னடி பாடம், ரெண்டு வருசமா ஊரே அதத்தான படிக்குது'ன்னாக."

"அப்ப இப்ப இருக்கிற முளை?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெறுஞ்சட்டியக் கண்டா அந்த அய்யா வகுப்பத் தூக்கிருவாருன்னு நீங்கதான சொன்னீக. தண்ணி தெளிக்கப் போறமாதிரி போயி எம் பாரிய மூடி எடுத்துட்டு வந்து நாலாப் பிரிச்சு வச்சேன். யாருக்கும் தெரியாது. அம்மங்கிட்டச் சொல்லிட்டேன். புள்ளைக படிப்புக்குன்னு சொல்லித்தான் எடுத்தேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோபம் வந்ததா என்றால், அவளைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை. விரதம் இருந்து வளர்த்ததை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதுவே எங்களை மூழ்கடிக்கப் போகிறது. "அவருக்கு முளை வேண்டாம்மா. ஏன் கருகுச்சுன்னு பிள்ளைகள் காட்டணும். அதுக்குத்தான் மார்க்கு" என்றேன். அவள் முகம் அப்படியே செத்துப்போனது. அந்த முகத்தை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

அதற்குள் சைக்கிள் மணி கேட்டது.

கூடத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை முன்கூட்டியே சொல்லலாம். சொன்னால், அம்மனுக்கு வளர்த்த பாரியை என் பெண்டாட்டி பிரித்துச் சட்டியில் வைத்தாள் என்று ஊருக்குள் ஆகிவிடும். சொல்லாவிட்டால் நான் பித்தலாட்டக்காரன். வேட்டி முடிச்சில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து என் பாடக் குறிப்பைப் படித்தார். சட்டிகளைப் பார்த்தார். மறுபடியும் குறிப்பைப் பார்த்தார்.

"நாலு விதம்னு எழுதியிருக்கீர். நாலும் ஒண்ணு போலவே இருக்கே?"

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

"சரி, பிள்ளைகளையே கேட்போம்" என்று முன்வரிசையில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார். நன்றாக மனப்பாடம் செய்கிற பையன். வரிசையில் இரண்டாவது, தண்ணீர் ஊற்றாத சட்டி என்று அவனுக்குத் தெரியும். அதன் முன்னால் நின்று கடகடவென்று சொன்னான்: "இது தண்ணீர் ஊற்றாத சட்டி. தண்ணீர் இல்லாததால் முளை வாடிவிட்டது."

"தண்ணி ஊத்தாமலா தம்பி இம்புட்டு உசரம் வந்துச்சு?"

பின்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டன. அவன் முளையைத் தொட்டுப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வந்தால் அப்படி நிற்பது வழக்கம். கூட்டத்தில் என் வீட்டுக்காரியும் நின்றாள்.

சிரட்டையைச் சாய்த்து அடி வாங்கப் பார்த்தானே, அந்தப் பயல் எழுந்தான்.

"அய்யா, சட்டி எங்க சட்டிதான். முளை எங்களது இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"தொட்டுக் காட்டவா?"

"காட்டு."

அவன் ஒரு தண்டை விலக்கினான். "எங்க முளை குட்டையா, கெட்டியா இருக்கும். இது வெள்ளையா, நீட்டமா, வலுவில்லாம இருக்கு. இலையப் பாருங்க, மஞ்சளாக் கெடக்கு. இது இருட்டுல வளந்தது அய்யா. நாலுமே இருட்டுல வளந்தது. மண்ணுங்கூட எங்க மண்ணு இல்ல. இங்கன பாருங்க, சாணியும் வைக்கலும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"சரி. இருட்டில் வளர்ந்தது. எந்த இருட்டில்?"

பயல்களுக்கு அது தெரியாது. பாரி வீட்டுக்குள் போய் வந்தவர்கள் பெண் பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் என் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வைக்கோலில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு நூல் துண்டை அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

அவள் சொன்னால் அம்மாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் அப்பன் பித்தலாட்டக்காரன், அவள் படிப்பும் போகும். ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் இவ்வளவையும் ஏற்றி வைத்துவிட்டேனே. சைகை காட்டலாம் என்றால் எதற்குச் சைகை காட்டுவது? இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், இனிமே என்ன செஞ்சாச் சரியாகும்னு செஞ்சு காட்டலாமா?"

வீட்டில் அப்பனை அய்யா என்பவள், பள்ளிக்கூடத்துக்குள் சார் என்றுதான் கூப்பிடுவாள். தலையை ஆட்டினேன்.

அவள் அந்தச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். பாரியை எடுக்கிற மாதிரி, முளை ஆடாமல், மார்போடு அணைத்து எடுத்தாள். கூடத்தைக் கடந்து போய் வாசல்படியில் காலை வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள். "வெளிச்சம் வேணும். இங்கன ரெண்டு மூணு நாளு இருந்தா இலை பச்சையாயிரும். தண்டு நீண்டது நீண்டதுதான், அது குட்டையாகாது" என்றாள்.

வேப்ப மரத்தடியில் பாரி வீட்டு அம்மாள் அலறினாள்.

"அடியே! அது பாரில்லடி? செவ்வாக்கெழமை வராம வெயிலுக்கு எடுக்குதே! உள்ள எடுடி, உள்ள எடு! யாரு பாரி அது?"

பெண்கள் எல்லாரும் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்திலிருந்து என் வீட்டுக்காரி முன்னால் வந்தாள்.

"எம் பாரி மதினி. நாந்தான் எடுத்துட்டு வந்து வச்சேன். இவருக்குத் தெரியாது. புள்ளைக்கும் தெரியாது."

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா? ஊரு பொழைக்கணுமா வேண்டாமா?"

"நீங்க கொட்டுனது புள்ளைக படிச்சது மதினி. அதுக்கு ஈடா எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

அவள் மகளைப் பார்த்து, "வச்சது வச்ச எடத்துல இருக்கட்டும்த்தா. எடுக்காத" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் பேசி முடிக்கிறவரை நின்றார். பிறகு நாலு குழுவையும் கூப்பிட்டு, "கொட்டிப்போன சட்டி எப்படி இருந்துச்சு? வாயால் சொல்லாதீங்க. தரையில் வரைஞ்சு காட்டுங்க" என்றார். சுண்ணாம்புக் கட்டியால் அவர்கள் வரைந்தார்கள். உப்பு எந்த இடத்தில் பூத்தது, வாடின இலை எந்தப் பக்கம் சுருண்டது என்றெல்லாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு காட்டினார்கள். அழுத பையனும் வரைந்தான். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "நீர் எழுதினது நடக்கலை. நடந்ததுக்கு மார்க் போடுகிறேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கட்டும்னு எழுதுகிறேன். பிள்ளைகள் எண்ணிக்கை குறைஞ்சா என்னால் ஒண்ணும் செய்ய முடியாது." அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு நான் கூடத்துக்குள் வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

மறுநாள் ஊர்வலம். என் வீட்டுக்காரியைப் பாரி வீட்டுக்குள் விடவில்லை. அவளும் போய் நிற்கவில்லை. குளித்து, ஈரத்தோடு தெருமுனையில் கைகூப்பி நின்றாள். குலவைச் சத்தத்தோடு பெண்கள் பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவில்லை. மகள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்த ஐப்பசியிலும் மழை சரியில்லை. இரண்டு தூற்றல் போட்டது, புழுதி அடங்கவில்லை. விதைத்தது மண்ணிலேயே போயிற்று. ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஊற்றடியில் எல்லாரும் அள்ளின பிறகுதான் அவள் அள்ளலாம் என்று ஆனது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அவள் போனால் குடத்தை நகர்த்திக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். கலங்கல் தண்ணீரோடு வருவாள். தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைப்பாள். "நாம வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிரலாமா?" என்று நான் கேட்டபோது, "போனா வகுப்பு என்னாகும்?" என்று கேட்டாள். பூஜை அறையில் அவள் அம்மன் படத்துக்கு முன்னால் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. மழை பொய்த்தது தன்னால்தானோ என்று அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன். ஆனால் நானும் அம்மனை நம்புகிறவன். என் மனசுக்குள்ளும் அந்தக் கேள்வி முள் மாதிரி இருந்தது. இன்னும் இருக்கிறது.

வகுப்பு நிலைத்தது, எடுபடவில்லை. மகள் ஐந்தாவது முடித்தாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் பாரி வீட்டு அம்மாள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். "மூணாவது முடிச்சிட்டா. நாலாவதுல போட்டுக்கங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வீட்டில் போய்ச் சொன்னபோது, என் வீட்டுக்காரி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லாப் படிக்கிற புள்ள, பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் மறுபடி பாரி போடவில்லை. போடட்டுமா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

வாசல்படியில் வைத்த சட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மகள் சொன்னபடியே அது பச்சையானது. தண்டு நீண்டபடியே இருந்தது. ஒரு காற்றில் ஒடிந்து விழுந்தது. அதுவரை என் வீட்டுக்காரி தினமும் வந்து, கையில் இருந்த கொஞ்சத் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

ஊரில் இப்போது சொல்கிற கதைகள் இரண்டு. செத்துப்போன முளையை அம்மன் ஒரே ராத்திரியில் துளிர்க்கவைத்துப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினாள் என்பது ஒன்று. அதைத்தான் பஸ்ஸில் பக்தியோடு சொன்னார்கள். அதிகாரியை ஏமாற்ற வாத்தியார் பாரியைத் திருடினார், அதனால் மழை போயிற்று என்பது இன்னொன்று. இரண்டும் நடந்தது இல்லை.

படிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இதுதான். இதை உங்கள் பிள்ளைகளிடமும் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள். சொல்லும்போது மழை பெய்ததாகச் சேர்த்துவிடாதீர்கள், பெய்யவில்லை. என் வீட்டுக்காரி தெய்வக் குற்றம் செய்தாள் என்றும் சொல்லாதீர்கள், செய்யவில்லை என்றும் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அது அவளுக்கும் அம்மனுக்கும் உள்ள பேச்சு. பெண்கள் பயந்து கொட்டினார்கள், அவள் தன் பாரியைக் கொடுத்தாள், ஒரு பிள்ளை தொட்டுக் காட்டினான், ஒரு பிள்ளை வெயிலில் கொண்டுபோய் வைத்தாள், என் வீட்டுக்காரி எல்லார் முன்னாலும் என்னுடையது என்று சொன்னாள். நடந்தது இவ்வளவுதான். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள்.